கோட்டுப் பையில் இருந்த மனு

"மெதுவா சொல்லுங்கப்பா," என்றாள் எல்ஸ்பெத். அவள் பேனாவை மையில் தோய்ப்பதற்குள் அப்பா அடுத்த வரிக்குப் போயிருந்தார். மெதுவாகச் சொல்ல நேரம் இருக்குமா என்றும் தெரியவில்லை. டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார்.

மாவோரிப் பழங்குடிகளின் மண்ணான நியூசிலாந்தில் தச்சராக வந்திறங்கிய அவள் அப்பா கின்னெயர்ட், பத்தொன்பது வருடம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். ஆற்றுப் பாலமும் பள்ளிக்கூடமும் அவர் வாதாடி வாங்கியவை. அவற்றைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

"எழுது. ஆத்தங்கரை மாவோரிங்க சர்க்காரை எதிர்த்த கலகத்துல சேரல. அதைச் சொல்லி அவங்க தலைவர் தே ஹீரா குடுத்த மனு என் கோட்டுப் பையில இருந்துச்சு. அவங்க நிலத்தைப் பறிக்கிற மசோதாவுக்கு ஓட்டுப் போட்டப்பவும் இருந்துச்சு."

"ஏம்ப்பா போட்டீங்க?"

"நம்மள மாதிரி குடியேறி வந்து நிலம் கேட்டு நின்னவங்கதானே எனக்கு ஓட்டுப் போடுறவங்க?"

வாசலில் தம்பி டூகல் வந்து நின்றான். வியாழக்கிழமை தேர்தல், அப்பாவின் தொகுதியில் அவன்தான் நிற்கிறான்.

"காய்ச்சல்ல உளர்றாருக்கா. அதைப் போய் எழுதுறியே!"

"அவங்களும் கலகக்காரங்கன்னு சபையில பேசினேனே, அதுதான்டா உளறல்," என்றார் அப்பா. "பேனாவைக் குடும்மா. கையெழுத்து..."

நீட்டிய பேனாவை அவர் வாங்கவில்லை. அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

டூகல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"கையெழுத்து இல்லாத காகிதம். குடுத்துடு."

எல்ஸ்பெத் அதை மடித்தாள்.

"என்னை விடு. அத்தான் பண்ணை எங்க இருக்கு? அந்த நிலத்துலதானே? அந்த மனுஷன்கிட்ட என்ன சொல்லுவ?"

"அப்பாவைக் குளிப்பாட்டணும். வெந்நி வைக்கச் சொல்லு," என்றாள்.

மறுநாள் அடக்கம் முடிந்ததும், கறுப்பு உடையோடே பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். ஆசிரியர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"கையெழுத்து இல்லையேம்மா."

அவள் அவருடைய பேனாவை எடுத்தாள். 'அவர் சொல்லக் கேட்டு எழுதியவள், மகள் எல்ஸ்பெத்' என்று கீழே எழுதினாள்.

"உங்க பண்ணையும் அங்கதானே?"

"ஆமா."

"வீட்டுல கேட்டீங்களா?"

"இனிமேதான்."

வெளியே, எதிர்ச் சுவரில் ஒரு ஆள் ஏணிமேல் நின்று டூகலின் தேர்தல் சுவரொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தான். பசை இன்னும் காயவில்லை. காற்றில் ஒரு மூலை எழும்பி எழும்பி அடித்தது. அவன் இறங்கி, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கடந்து போகும்வரை எல்ஸ்பெத் ஒதுங்கி நின்றாள்.