எடுக்காமல் விட்ட சிரிப்பு

கண்ணாடியில் மூச்சு படிகிறது, முதலில் ஒரு பொட்டு அளவுக்கு, பிறகு உள்ளங்கை அகலத்துக்கு, வினோதினியின் மூக்குக்கு நேர் மேலே, வெள்ளையாக, குள்ளர் வேஷத்தில் இருக்கிற ஏகாம்பரம் பலகைமேல் ஏறி நின்று தன் சிவப்புக் குல்லாவைக் கழற்றித் துடைக்கிறார், துடைத்தால் போகுமா, ஈரம் உள்பக்கம் அல்லவா இருக்கிறது, கட், கட், என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொள்கிறார், செத்துக் கிடக்கிறவ மூச்சு விடலாமாம்மா, கொஞ்சம் அடக்கிக்கோ, என்கிறார், மூடியைத் தூக்குகிறார்கள், வெள்ளி அட்டைக் கிரீடத்துக்குக் கீழே அந்தப் பெண் கண்ணைத் திறந்து, ஏகா மாமா, உள்ள பினாயில் நாத்தம் கொடலப் புடுங்குது, என்கிறாள், நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கும் தெரியும், அங்கே ஒட்டுத்தாடியோடு நின்ற குள்ளர்கள் ஏழு பேருக்கும் தெரியும், விஷப்பழம் தின்று சாய்ந்த இளவரசியைக் குள்ளர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்க இளவரசன் வந்து எழுப்புகிற, உலகத்துக்கே தெரிந்த அந்த வெளிநாட்டுக் கதையை ஞாயிற்றுக்கிழமை காலை டிவி தொடராக எடுக்கிறார்கள், கண்ணாடிப் பெட்டி செய்ய நேரமில்லையாம், சாலிகிராமத்தில் எழவு வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற ஃப்ரீசர் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், ஒயரைச் சுருட்டி அடியில் செருகி, சுற்றிலும் காகிதப்பூ ஒட்டி, ஜிகினா தூவி, அடப் பாவிகளா, இந்த ஊரில் வேறு கண்ணாடியே கிடைக்கவில்லையா உங்களுக்கு.

சரி, அதுகூடப் போகட்டும், அதற்குத்தான் பரிகாரம் இருக்கிறதே, பிணமாக நடித்தவரை அதே இடத்தில் எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, அதையும் ஒரு ஷாட்டாக எடுத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட வேண்டும், எந்த யூனிட்டிலும் இது வழக்கம், அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் வராது, யாரும் பார்க்கப்போவதுமில்லை, ஆனாலும் எடுத்தே ஆகவேண்டும், அன்றைக்குப் பார்த்து ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துபோனது, வெளிச்சமும் போயிற்று, நாளைக்கு மொத ஷாட்டே அதான், பேக்கப், என்று டைரக்டர் நடக்கிறார், அவருடைய நீளக் கால்களுக்குப் பின்னால் ஏகாம்பரம் ஓடுகிறார், சார், ஒரு நிமிஷ வேலை சார், செல்போன்லயாவது எடுத்துருங்க சார், யோவ், தாடியக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போய்யா, அவ்வளவுதான், அந்த நாளை வரவேயில்லை, பார்க்க ஆளில்லை என்று சேனல்காரர்கள் மறுநாளே படப்பிடிப்பை நிறுத்திவிட்டார்கள், இளவரசன் வேஷக்காரன் வாள்கூட வாங்கவில்லை, கடைசியாக ஒளிபரப்பானது அவள் பெட்டிக்குள் கிடக்கச் சுற்றி நின்று ஏழு பேரும் அழுவது, கீழே தொடரும் என்று வேறு போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஏகாம்பரம் பழையபடி கல்யாண மண்டப வாசலில் ராஜா உடுப்புப் போட்டு நின்று வருகிறவர்களுக்கு ரோஜாப்பூ நீட்டுகிறார், குழந்தைகள் அவர் தலையோடு தங்கள் தலையை வைத்து அளந்து பார்க்கின்றன, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சமையற்கட்டுக்குப் பின்னால் கண்ணயர்ந்தால் அந்தப் பெட்டி வந்துவிடுகிறது, மற்ற ஆறு பேரும் இல்லை, காலடியில் பலகை இல்லை, எம்பிப் பார்க்கிறார், எட்டவில்லை, உள்ளேயிருந்து யாரோ கண்ணாடியைத் தட்டுகிறார்கள், விழித்தால் அண்டா கழுவுகிற சத்தம், இது கனவு, ஆனால் வினோதினிக்குக் கண் மஞ்சளானது கனவில்லை, தங்கை வேஷம், தோழி வேஷம் என்று அலைந்த பெண், காமாலையோடு மேக்கப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள், ஈரல் முழுக்கக் கெட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள், விருகம்பாக்கத்து மாடி வீட்டில், மகளுடைய காலைப் பிடித்தபடி தாய் கஸ்தூரி ஏகாம்பரத்திடம் சொல்கிறாள், அண்ணே, அன்னிக்கு எம்பொண்ணு எந்திரிச்சு சிரிக்கவேயில்லயேண்ணே, அவள அப்படியே உள்ளயே விட்டுட்டு வந்துட்டாங்களேண்ணே.

மூடத்தனம்தான், ஏகாம்பரத்துக்குத் தெரியாதா, சிரித்தால் ஈரல் சரியாகுமா, ஆனால் டாக்டர் கைவிட்ட வீட்டில் மூடத்தனத்தைத் தவிர வேறு என்ன மிச்சமிருக்கிறது, வினோதினிகூட முதலில் அம்மாவைத் திட்டினாள், பிறகு, மாமா, நெஜமாவே எடுத்துரலாமா, செத்தவளாவே இருந்து சலிச்சுப்போச்சு, என்றாள், அந்தக் குரலைக் கேட்ட பிறகு அவரால் உட்கார முடியவில்லை, பெட்டிக்குள்ள படுத்தவ பெட்டியிலேர்ந்துதானேண்ணே எந்திரிக்கணும், என்று கஸ்தூரி சொன்னதும் அவருக்கு நியாயமாகவே பட்டது, நேரே பெட்டிக்காரன் டில்லியிடம் போய் நின்றார், உசுரு இருக்கிற வீட்டுக்குப் பெட்டி போகாதுண்ணே, எங்கப்பா காலத்துலேர்ந்து அனுப்புனதில்ல, என்றான் டில்லி, ஷூட்டிங்குக்குப்பா, ஒரு சின்ன ஷாட்டு, என்றார் இவர், அதில் பொய் எதுவும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேனில் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார், செல்போனை எடுத்து சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார், மடியில் ஒரு பூசணிக்காய் இருந்தது.

வேன் தெருவில் திரும்புகிறது, தெருவுக்கு அந்த வேனைத் தெரியும், தேய்க்கிறவர் துணியை அப்படியே விட்டுவிட்டு நிற்கிறார், யாரோ டிவியை அணைக்கிறார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள் வெளியே வருகின்றன, ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எப்பங்க போச்சு, என்கிறாள், ஐயோ, இல்லம்மா, ஒண்ணுமில்ல, ஷூட்டிங், ஷூட்டிங், என்று ஏகாம்பரம் கையை ஆட்டுகிறார், உள்ளே எடுத்துட்டுப் போங்க அந்தச் சேரையெல்லாம், என்று அதட்டுகிறார், ஜனங்கள் அசடு வழிய நாற்காலிகளைத் தூக்குகிறார்கள், அப்போதுதான் மாடியிலிருந்து கஸ்தூரியின் குரல் கேட்கிறது, சொல்லாக இல்லை, வெறும் குரலாக, தூக்கிய நாற்காலிகளைத் தெரு மறுபடி கீழே வைத்தது, டில்லி ஸ்டீயரிங்கில் வைத்த கையை எடுக்காமல், ஷூட்டிங்னு சொன்னீங்களேண்ணே, என்றான்.

ஷாட்டுக்காக அவளுக்குப் பொட்டு வைத்து, உதட்டுச் சாயம் பூசி, தலையணையில் சாய்த்து உட்காரவைத்திருந்தாளாம் கஸ்தூரி, இப்புடிச் சிரிச்சா போதுமாம்மா, என்று மகள் பாதி சிரித்துக் காட்டினாளாம், தாய் பூ எடுக்கத் திரும்பியிருக்கிறாள், அவ்வளவுதான், பெட்டியை மேலே ஏற்ற முடியாமல் அவளைக் கீழே இறக்கினார்கள், ஒயரைப் பிரித்துச் செருகினார்கள், பெட்டி உறுமத் தொடங்கியது, நீங்கதானே அந்தப் பெட்டிய என் வீட்டுக்குக் கொண்டாந்தீங்க, நீங்கதானே, நீங்கதானே, என்று கஸ்தூரி அவர் சட்டையைப் பிடித்து உலுக்குகிறாள், அவர் குலுங்குகிறார், யாரோ ஒரு ஸ்டூலைப் போட்டு அவரை ஏற்றிவிடுகிறார்கள், இந்தத் தடவை மற்ற ஆறு பேரும் இல்லை, உள்ளே சாயம் பூசிய உதடு கொஞ்சம் திறந்தபடி இருக்கிறது, பாதி எடுத்த ஷாட், அவர் குனிந்து பார்த்துக்கொண்டே நிற்கிறார், நிற்கிறார், கண்ணாடியில் மூச்சு படிகிறது, முதலில் ஒரு பொட்டு அளவுக்கு, பிறகு உள்ளங்கை அகலத்துக்கு, அவள் மூக்குக்கு நேர் மேலே, வெள்ளையாக, கஸ்தூரி, இங்க வாம்மா, இங்க பாரும்மா, என்று கூப்பிட வாயைத் திறந்தவர், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று தோள் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், வெளிப்பக்கத்து ஈரம், துண்டோடு வந்துவிட்டது.