ஏழு கிலோ ஈயம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலைக்குப் பாதுகாப்பு அதிகாரி குப்புராஜ். ஞாயிற்றுக்கிழமை தோறும் தன் வீட்டுக் குழம்பில் கொதிப்பது பென்னியின் மீன் என்பதுதான் அவருடைய வியாதி.

பென்னி அதே ஆலையில் கிரேன் ஓட்டுகிறவன். வாரம் தவறாமல் பழவேற்காட்டுக் கடலில் மூச்சடக்கி முங்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் அடிப்பான். திரும்பும்போது நல்லதாக ஒன்றை வேப்பம்பட்டில் குப்புராஜ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவான். "அந்தத் தம்பிக்குக் கைராசி" என்று மனைவி அருணா அவர் தட்டில் இன்னொரு துண்டு வைப்பாள். குப்புராஜுக்கு வஞ்சிரத்தில்கூட முள் சிக்கும்.

ஒரே ஒரு மீனாவது தன் கையால் அடித்து அருணா முன்னால் போட வேண்டும். புதுச்சேரிக்குப் போய் மூச்சடக்கி முங்க மூன்று நாள் பயிற்சி எடுத்தார். சான்றிதழைச் சட்டம் போட்டு அலுவலகத்தில், விபத்தில்லா நாட்களின் பலகைக்கு மேலே மாட்டினார். பிறகு திருப்பாச்சூரில் சொந்த வயல் கிணற்றை ஆராய்ச்சிக்கூடம் ஆக்கினார். கறுப்பு ரப்பர் உடுப்பும், இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட்டுமாக அவர் இறங்கியபோது களை எடுத்த பெண்கள் வேலையை விட்டு எட்டிப் பார்த்தார்கள்.

உடுப்பு மிதக்க வைக்கும், ஈயம் அமிழ்த்தும். மூச்சை விட்டதும் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். நாலு ஞாயிறு, பதினோரு வரைபடம். முடிவு ஐந்து கிலோ. அதை லேமினேட் செய்துகொண்டார்.

ஐந்தாம் ஞாயிறு பென்னியோடு படகேறினார். குதித்தார், தலைகுப்புறக் கவிழ்ந்தார், உதைத்தார். கால்கள் காற்றைத்தான் உதைத்தன. பின்பக்கம் மட்டும் கடல்மேல் தீவாக நின்றது.

"இன்னா பென்னி, உங்க சாரு தக்கையாட்டம் நிக்கிறாரு? வலையில கட்டிக்கலாமா?" என்றார் படகுக்கார எட்வர்ட்.

"சார், கெணத்துத் தண்ணி வேற, உப்புத் தண்ணி வேற. இது மேல தூக்கும். இன்னும் ரெண்டு கிலோ கோத்துக்குங்க, செட் ஆயிடும்" என்றான் பென்னி.

"தெரியும்பா. நானும் படிச்சிருக்கேன்."

ரெண்டு என்று பென்னி சொன்ன பிறகு ரெண்டைக் கட்டுவது எப்படி? நாலு கட்டினார்.

இந்த முறை ஆலை லிஃப்டைவிட கம்பீரமாக இறங்கினார். ஆழத்தில் ரப்பர் நசுங்கும், மிதக்கவைக்கும் சக்தி போய்விடும் என்பது அவருடைய ஏழாவது வரைபடம். பாறையில் உட்கார்ந்த பிறகுதான் அது ஞாபகம் வந்தது. உதைத்துப் பார்த்தார். உடம்பு மேலே போக மறுத்தது. நெஞ்சு வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்தில் பென்னியின் முகம் தெரிந்தது. அவன் கை அவருடைய பெல்ட் கொக்கியை நோக்கி நீண்டது. அது வந்து சேர்வதற்குள் குப்புராஜ் தானே கொக்கியைக் கழற்றினார். அந்த ஒன்றிலாவது அவனை முந்தினார்.

படகில் கிடந்து அரை மணி நேரம் இருமினார். பென்னி மறுபடி முங்கி பெல்ட்டை எடுத்து வந்தான். இரண்டு கிலோவைக் கழற்றிவிட்டு நீட்டினான். சிரிக்கவே இல்லை. சிரித்திருந்தால் குப்புராஜுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மெதுவா போங்க சார். நான் மேலயே நின்னு பாத்துக்கினு கீறேன்."

ஏழு கிலோ சரியாக உட்கார்ந்தது. ஏழாவது முங்கலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சங்கரா மாட்டியது. பென்னி பொழுது முழுக்க அவர் தலைக்கு மேலேயே மிதந்தான். அவன் துப்பாக்கி படகிலேயே காய்ந்தது.

அந்த ஒற்றை மீனை சமையல்கட்டு மேடையில் வைத்துவிட்டு, மனைவி பேசுவதற்காகக் காத்து நின்றார் குப்புராஜ்.

"இன்னா, இவ்ளோ சின்னதா கீது?" என்றாள் அருணா. "பென்னிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இது நான் அடிச்சது."

அருணா மீனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது சரி. அந்தத் தம்பி ஏன் ஒண்ணும் அடிக்கல?" என்று போனை எடுத்தாள்.