நொயேலியா எழுதிய பத்தாவது பரீட்சை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நொயேலியா சமையலறை மேசையில் உட்கார்ந்து தன் கணவனாக இருந்துகொண்டிருந்தாள். அடுப்பில் பீன்ஸ் கொதித்தது. மடிக்கணினியில், முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற பாடம் ஓடியது. திரையின் மூலையில் ஒரு கடிகாரம். அது முடிகிற வரை அடுத்த பக்கம் திறக்காது. அந்த நேரத்தில் அவள் வெங்காயம் நறுக்கினாள். நிஜ ரொகேலியோவோ கொல்லைப்புறத்தில் தன் நண்பன் சூயியோடு நின்று, கரி அடுப்பில் இறைச்சியைத் திருப்பிப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். என் சமையலறை ஜன்னல் அவர்கள் வீட்டைப் பார்த்தபடிதான் இருக்கிறது. அது வீடு கட்டினவன் செய்த தப்பு, என்னுடையதல்ல.

விஷயம் இதுதான். ரொகேலியோ ஏ.சி. மெக்கானிக். சான் அன்டோனியோவின் தெற்குப் பக்கத்தில் ஆகஸ்ட் மாதம் ஏ.சி. மெக்கானிக்குக்குக் கிடைக்கிற மரியாதை பாதிரியாருக்குக்கூடக் கிடையாது. அந்த மரியாதை தலைக்கேறி, முப்பது மைல் வேகத்தில் போக வேண்டிய தெருவில் கம்பெனி டிரக்கை நாற்பத்தெட்டில் ஓட்டிப் போலீஸிடம் மாட்டினான். கோர்ட்டில் ஒரு வழி காட்டினார்கள். ஆறு மணி நேரப் பாதுகாப்பு ஓட்டுநர் பாடத்தை ஆன்லைனில் படித்து, தொண்ணூறு நாளுக்குள் சான்றிதழைக் கொண்டுவந்தால் அபராத டிக்கெட் தள்ளுபடி. இல்லாவிட்டால் அது அவன் ஓட்டுநர் பதிவில் ஏறிவிடும். ஏற்கெனவே அங்கே ஒன்று இருக்கிறது. இன்னொன்று ஏறினால் டிரக் சாவியை வாங்கிக்கொள்வோம் என்று கம்பெனி எழுதியே கொடுத்திருந்தது. டிரக் இல்லாத மெக்கானிக் வீட்டில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

எண்பத்தைந்து நாள் அவன் கவலையே படவில்லை. எங்கள் நோகல் தெருவில் இதற்கெல்லாம் யாரும் கவலைப்படுவதில்லை, நொயேலியா இருக்கிறாளே. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள்; பொறுமைசாலி; எழுத்தைக் கண்டு பயப்படாதவள். நாலு வருஷத்தில் அண்ணன், மைத்துனன், பக்கத்து வீடு, எதிர் வீடு என்று ஒன்பது ஆண்களுக்குப் பதிலாக அவளே படித்துச் சான்றிதழ் வாங்கித் தந்திருக்கிறாள். போன வருஷம் சூயிக்கு. பதிலுக்கு ஒரு தட்டு தமாலே வரும், சோள மாவுக் கொழுக்கட்டை மாதிரி, சோள மடலில் சுற்றி ஆவி பறக்க. ஒன்பது பேருமே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். அந்த ஒன்பது பேரில் ஒருவனாவது தெருமுனை ஸ்டாப் பலகையில் வண்டியை முழுசாக நிறுத்தி நான் பார்த்ததில்லை.

கணினியும் லேசுப்பட்டதல்ல. படிப்பது அதே ஆள்தானா என்று சோதிக்க, தொடக்கத்தில் கொடுத்த சொந்த விவரங்களை நடுநடுவே திடீரென்று திருப்பிக் கேட்கும். உங்கள் முதல் கார் என்ன நிறம் என்ற கேள்விக்கு நொயேலியா யோசிக்காமல் நீலம் என்று எழுதியிருந்தாள். அந்த நீலக் காரில்தான் ரொகேலியோ அவளைப் பெண் கேட்டு வந்தான். என் முதல் கார், என் முதல் காதலி என்று இருபத்தாறு வருஷமாக விருந்துக்கு விருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு நாலு பாடம் முடித்துவிட்டு மூடி வைத்தாள்.

மறுநாள் காலை ஏழே முக்கால் மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சூயி ஒஃபேலியா அம்மாவை இடித்துவிட்டான்.

பதினோரு வருஷமாக அந்த இடத்தில் ஆரஞ்சு மேலங்கியும் கையில் சிவப்புப் பலகையுமாக நின்று பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவுகிறவர் அவர். கடைசிப் பிள்ளை நடைபாதையில் ஏறியாகிவிட்டது, அவர் இன்னும் ஏறவில்லை. சூயிக்கு அந்த மூன்று விநாடி பொறுக்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. சாயங்காலத்துக்குள் தெருவில் பேச்சு எப்படிப் புரண்டது தெரியுமா? பாவம் சூயி, வெயில் கண்ணில் அடித்துவிட்டதாம். நல்ல பையனாம். அந்த வெயில் ஒஃபேலியா அம்மாவின் கண்ணிலும்தான் அடித்தது. அவர் யார் மேலும் போய் ஏறவில்லை. இதை நான் மூன்று வீட்டில் சொன்னேன். மூன்று வீட்டிலும் பேச்சை மாற்றினார்கள். மூன்று வீட்டிலும் நொயேலியா வாங்கிக் கொடுத்த சான்றிதழ் இருக்கிறது.

நொயேலியா ஆஸ்பத்திரிக்கு மலர்க்கொத்தோடு போனாள். ஒஃபேலியா அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"போன வருஷம் அவனுக்குப் பாடம் எடுத்தாங்களாமே மகளே. பள்ளிக்கூடம் வந்தா மெதுவா போன்னு அதுல சொல்லித்தர மாட்டாங்களா?"

சொல்லித் தருவார்கள். ஐந்தாவது பாடம். நொயேலியாவுக்கு அது மனப்பாடம். ஒன்பது தடவை படித்திருக்கிறாள். சூயியின் பேரில் எழுதியபோது ஒரு கேள்விகூடத் தப்பாகவில்லை. அவள் தலை குனிந்தபடி வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியை ரொகேலியோவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"நாலு பாடம் முடிச்சிருக்கேன். மிச்சத்த நீ படி."

"வெள்ளிக்கிழமை கடைசி நாள், நொயேலியா. விளையாடாத. நீ உக்காந்தா ஒரு மத்தியானத்துல முடிச்சிடுவ."

"சூயிக்கும் ஒரு மத்தியானத்துலதான் முடிச்சேன். பள்ளிக்கூட ரோட்டுல எப்படிப் போகணும்னு நான் படிச்சேன். அவனுக்கு எப்படித் தெரியும்?"

"இடிச்சது அவன். அதுக்கு நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற?"

"அவன் கையில வண்டியக் குடுன்னு கோர்ட்டுக்குப் பொய் சொன்னது நான்."

கோபம் ஆறிவிடும் என்று ரொகேலியோ ஒரு நாள் காத்திருந்தான். ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முனகிக்கொண்டே தானே உட்கார்ந்தான். ஐந்தாவது பாடம், மூன்றாவது பக்கம். கணினி கேட்டது: உங்கள் முதல் கார் என்ன நிறம்? அவன் சிவப்பு என்று எழுதினான். தவறு என்றது. மறுபடியும் சிவப்பு. பாடம் மூடிக்கொண்டது. நீங்கள் பதிவு செய்த நபர் அல்ல என்று ஒரு வரி மட்டும் திரையில் நின்றது.

அவன் போட்ட சத்தத்தில் நான் குழாயை மூட வேண்டியதாயிற்று, சரியாகக் கேட்பதற்கு.

"என் கார் எனக்குத் தெரியாதா? செவப்புடி, செவப்பு. என்னையே நான் இல்லங்குது இந்த மெஷின்."

"எந்தச் செவப்பு?" என்று நொயேலியா கேட்டாள்.

ரொகேலியோ மடிக்கணினியை மூடினான். பிறகு மெல்ல வந்தது கதை. பதினெட்டு வயதில் அப்பா வாங்கித் தந்த சிவப்புக் கார். மூன்றே மாதம். வேகமாகப் போய் ஒரு தோட்டத்து வேலியை அடியோடு பெயர்த்தான். பக்கத்தில் தம்பி பெத்தோ. ரொகேலியோவுக்கு அப்போதுதான் வேலை கிடைக்கிற சமயம். ஓட்டியது நான்தான் என்று போலீஸிடம் தம்பி சொல்லிவிட்டான். டிக்கெட் அவன் பேரில். அந்தக் காலத்தில் கணினியேது. பெத்தோதான் ஒரு சனிக்கிழமை முழுக்க வகுப்பில் போய் உட்கார்ந்து வந்தான். கார் விற்கப்பட்டது, கதையும் புதைக்கப்பட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு கார் விஷயத்தில் மனுஷன் ஒரு உண்மையை எழுதினான். கணினி அதைப் பொய் என்றுவிட்டது. பின்னே, அதற்கு நொயேலியாவைத்தானே தெரியும்.

நொயேலியா கத்தவில்லை. "அப்ப தம்பி போனான். இப்ப நான் போனேன். தப்பு பண்ண மட்டும் நீ தவறாம நீயே போற," என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

புதன்கிழமை ரொகேலியோ வேறொரு ஆன்லைன் ஓட்டுநர் பள்ளியில், தன் விவரங்களைத் தானே எழுதி, முதலிலிருந்து தொடங்கினான். இரண்டு சாயங்காலம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கினான். ஒரு பாடத்துப் பரீட்சையில் தோற்று மறுபடி படித்தான். உதவி கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தான், அவள் திரும்பவில்லை. வியாழக்கிழமை பள்ளிக்கூடச் சாலைப் பாடம் வந்தது. ஆரஞ்சு மேலங்கி போட்ட ஒரு பெண் பலகையை உயர்த்திப் பிடித்திருக்கிற படம். மூலையில் கடிகாரம் முடிந்து அடுத்த பக்கம் திறந்த பிறகும் அவன் அதை நகர்த்தவில்லை. நான் பாத்திரம் முழுவதும் கழுவி முடித்துவிட்டேன், அவன் அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்பத்திரண்டு மார்க். நொயேலியா வாங்கித் தந்த மார்க்குகளோடு பார்த்தால் தெருவிலேயே கடைசி. வெள்ளிக்கிழமை கோர்ட் ஜன்னலில், நானே படித்தேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். டிரக் சாவி தப்பியது.

அன்றைக்கே நொயேலியா ஆஸ்பத்திரிக்குப் போய் சூயியின் சான்றிதழ் பற்றிய உண்மையை ஒஃபேலியா அம்மாவிடம் சொன்னாள். அவர் மன்னித்துக் கட்டிக்கொண்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நொயேலியா மறுநாளும் போனாள். இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமை அடுத்த தெருத் தாவோ ஒரு தட்டு தமாலேயும் தட்டுக்கு அடியில் மடித்த ஒரு மஞ்சள் காகிதமுமாக வந்து வலைக்கதவைத் தட்டினான். திறந்தது ரொகேலியோ.

"நொயேலியா அக்கா இருக்காங்களா? ஒரு சின்ன வேல."

ரொகேலியோ காகிதத்தை உருவிப் பார்த்தான். போலீஸ் டிக்கெட். திரும்பத் தட்டின் மேல் வைத்தான். தட்டை அவன் கையிலேயே தள்ளினான்.

"பாடத்த உனக்காக வேற யாரும் படிச்சிடலாம் தாவோ. பிரேக்க நீதான் மிதிக்கணும். ரோட்டுல குறுக்க நிக்கிற அந்தம்மாவுக்கு என் பொண்டாட்டி எடுத்த மார்க்கு உதவல. போய் நீயே உக்காந்து படி. எனக்கே ஆறு மணி நேரம்தான் ஆச்சு. அவங்க திரும்ப நடக்க ஆறு மாசம் ஆகுமாம்."

தாவோ முகம் தொங்கிப்போய் வண்டியில் ஏறினான். தமாலேயும் அவனோடே போயிற்று. தெருமுனை ஸ்டாப் பலகையில் அவன் வண்டி நின்றது. முழுசாக, சக்கரம் அசையாமல். திருந்தி நின்றானா, ரொகேலியோ வாசலில் நின்று பார்த்ததால் நின்றானா, எனக்குத் தெரியாது. நானும் ஜன்னலை விட்டு நகரப் போவதில்லை.