ஒற்றைப் பலகைக்கு ஒரு படகு

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில் தம்பையா மெக்கானிக்காக இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்து அரைக்கும் உருளைகளையும் அவற்றை ஓட்டும் பழைய டீசல் இஞ்சினையும் பதினாறு வருடமாக அவர்தான் கட்டி மேய்த்தார். ஏதாவது உடைந்தால் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் ஸலீமின் மோட்டார் சாமான் கடையில் வாங்கி வருவார். இருவருக்கும் முப்பத்தைந்தை ஒட்டிய வயது. ஒரு வால்வை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசக்கூடிய சிநேகம். ஸலீமைத் தம்பையா நானா, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

ஸலீமுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நாலு வருடத்துக்கு முன்பு பசறை வீதி வளைவில் லொறிக்கு டயர் மாற்றும்போது ஜாக்கி சரிந்துவிட்டது. அதற்கு முன் அவர் நல்ல நீச்சல்காரர். கொழும்பில் படித்த காலத்தில் கோப்பைகள் வாங்கியவர். கால் போன பிறகு ஊன்றுகோலோடு கடைக்குள்ளேயே வளைய வந்தார். கடையின் பழைய ஒஸ்டின் காரை அவர் மனைவி லரீபா ஓட்டப் பழகிக்கொண்டார். முக்காடு போட்ட ஒரு பெண் கார் ஓட்டுவதைப் பதுளை பஸார் முதல் மாதம் நின்று பார்த்தது. பிறகு வழி விட்டது.

எழுபத்திரண்டாம் வருடம் மாசியில் ஸ்பிரிங் வாங்கப் போன தம்பையாவை ஸலீம் பின்னறைக்குக் கூட்டிப் போய், ஓர் ஆங்கில சஞ்சிகையை விரித்தார். ஒரு படகு, அதன் பின்னே கயிற்றைப் பிடித்தபடி, ஒற்றைப் பலகையில் நின்று தண்ணீர் மேல் போகும் ஒரு மனிதன்.

"இவருக்கு எத்தன கால் எண்டு எண்ணுங்க" என்றார் ஸலீம்.

தம்பையா படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுதாங்க இருக்கு, நானா."

"யுத்தத்தில போனதாம். ஒத்தப் பலகைக்கு ஒத்தக் கால் காணும், ரெண்டு வேணாம்." ஸலீம் குரலைத் தாழ்த்தினார். "வெல்லவாயவுக்குக் கீழ குளத்துல தொரமார் கிளப்பு ஒண்டு ஈக்கி தெரியுமா? அவங்க எல்லாம் ஊருக்குப் போறாங்க. மூணு படகு, நாலு பலகை, எல்லாத்தையும் விக்கிறாங்க. வெளிநாட்டுலேருந்து இப்ப ஒண்டும் இறக்க ஏலாது. இத விட்டா வேற இல்ல. நீங்க வந்து எனக்குத் தெரிவு செஞ்சு தரணும்."

"எனக்கு நீந்தக்கூடத் தெரியாதுங்களே."

"நீந்துறது நான். நீங்க படகப் பாருங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லரீபா காரை ஓட்ட, மூவரும் எல்ல என்ற ஊர் வழியாகக் கீழே இறங்கினார்கள். குளிர் கழன்றுகொண்டே வந்தது. வெல்லவாயவைத் தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது. கடைசித் திருப்பத்தில் குளம் தெரிந்தபோது தம்பையா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். தண்ணீர் என்றால் அவருக்கு தொழிலாளர் லயத்துப் பீலிக் குழாயில் விழும் தண்ணீரும் மலையோடையும்தான். இங்கே வானம் அளவுக்கு அகலமாக ஒன்று அசையாமல் கிடந்தது.

படகுக் கொட்டகையில் கிளப்பின் கடைசிச் செயலாளர் ஹார்டிங் துரை காத்திருந்தார். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். ஸலீமின் காலைப் பார்த்தார். "மொதல்ல வேலை எப்படின்னு பாருங்க" என்று தன் தோட்டத்து உதவி மானேஜரான சின்னத்துரையைத் தண்ணீரில் இறக்கினார்.

குளத்தின் நடுவே ஆறு சிவப்பு மிதவைகள், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. படகு நடுவழியே நேர்கோட்டில் போக வேண்டும். பின்னால் வருகிறவர் வலமும் இடமுமாக வீசிப் போய் ஒவ்வொரு மிதவையையும் சுற்றி வரவேண்டும். ஸ்லாலம் என்றார் துரை.

படகு உறுமியது. சின்னத்துரை தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தார். தம்பையா இழுவையையும் பாரத்தையும் தினம் கையாள்கிற ஆள். கயிற்றில் கட்டி இழுத்தால் எதுவும் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதர் இழுபடவில்லை. படகை விட வேகமாகக் குறுக்கே பாய்ந்தார், மிதவையை ஒட்டி உடம்பைச் சாய்த்தார், தோள் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குச் சாய்த்தார். பலகைக்குக் கீழிருந்து தண்ணீர் ஒரு சுவராக எழுந்து, வெயிலில் ஒரு கணம் நின்று, பிறகுதான் விழுந்தது. அதற்குள் அவர் மறு பக்கத்துக்குப் போய்விட்டார். தம்பையாவின் கையிலிருந்த பீடி பற்ற வைக்காமலே நனைந்து போயிருந்தது. எப்போது தண்ணீருக்குள் இறங்கி நின்றார் என்று அவருக்கே தெரியவில்லை.

ஸலீம் மெதுவாகச் சொன்னார். "பாத்தீங்களா. பலகைக்கு மேல நொண்டி இல்ல."

மூன்று படகுகளில் பெரியது வெள்ளைக் கண்ணாடி நாரில் செய்தது. மூக்கு உயர்ந்து, அடி ஆழமாக இறங்கி, பின்னால் வெளிப்புறம் மாட்டிய புத்தம் புது இஞ்சினோடு மாப்பிள்ளை மாதிரி நின்றது. இரண்டாவது ஒரு சின்ன ஒட்டுப்பலகைப் படகு. மூன்றாவது வார்னிஷ் உரிந்த பழைய மரப்படகு; இஞ்சின் உள்ளே, நட்ட நடுவில், ஒரு பெட்டிக்குள் இருந்தது. அதை முடுக்கியபோது காசநோய்க்காரன் போல இருமியது.

"வெள்ளப் படகு எடுங்க" என்றார் துரை. "பெலம் அதிகம். பழசு இன்னும் ஒரு மாசம் ஓடாது."

இஞ்சினை மட்டும் கேட்டால் தம்பையாவும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்கு அந்தத் தண்ணீர்ச் சுவர் கண்ணை விட்டுப் போகவில்லை. "தொர, மூணுலயும் ஒருக்கா ஏறிப் பாக்கிறேங்க. ஆனா பின்பக்கம் பாத்துத்தான் உக்காருவேன்" என்றார். மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, படகின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்தபடி ஏறினார்.

சின்னத்துரை மறுபடி கயிற்றைப் பிடிக்க, துரை ஓட்டிய வெள்ளைப் படகு பறந்தது. ஆனால் அதன் ஆழமான அடி தண்ணீரைப் பிளந்து, பின்னால் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி அலை எழுப்பிக்கொண்டு போனது. குறுக்கே பாய்கிறவர் ஒவ்வொரு முறையும் அந்த வரப்பில் மோத வேண்டும். சின்னப் படகில் அலை குறைவு. ஆனால் கயிறு வால் முனையில் கட்டியிருந்ததால், சின்னத்துரை பக்கவாட்டில் இழுத்தபோது படகின் வால் அவரோடேயே இழுபட்டுப் போனது. மரப்படகில் கயிறு நடுவிலிருந்த ஓர் இரும்புக் கம்பத்தில் மாட்டியிருந்தது. அவர் எவ்வளவு இழுத்தும் படகு தடம் மாறவில்லை. இருமிக்கொண்டே போனது, ஆனால் அது விட்டுச் சென்ற தண்ணீர், துணியை நீவி விட்டது போல மட்டமாக இருந்தது.

கரைக்கு வந்ததும் தம்பையா மரப்படகைக் காட்டினார்.

"ஓடாத இஞ்சினா?" என்றார் லரீபா.

"இஞ்சின நான் சரி பண்ணிருவேன், தங்கச்சி. தண்ணிய அது ஒதுக்குற விதத்த யாராலயும் சரி பண்ண ஏலாது."

ஹார்டிங் துரை அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கொட்டகைக்குள் போய்ப் பலகைகளைத் தானே எடுத்து வந்து வரிசையாகக் கிடத்தினார்.

இரண்டு பலகைகள் இரு காலுக்கும் சேர்ந்த ஜோடி, அவற்றை ஒதுக்கினார்கள். மூன்றாவது பந்தயப் பலகை, வாள் மாதிரி ஒடுங்கியது. ஸலீமின் கை நேரே அதற்குத்தான் போனது. துரை வேண்டாம் என்று தலையாட்டினார். ஒடுங்கிய பலகை வேகத்தில் நன்றாகக் கடிக்கும். ஆனால் மெதுவாகப் போகும்போது ஆளைத் தாங்காது, அமிழ்ந்துவிடும். நாலாவது கொஞ்சம் அகலம், கொஞ்சம் நீளம், அடியில் மீன் துடுப்பு போல ஆழமான தகடு. ஸலீமின் எடைக்கு அதுதான் ஆகும் என்றார்.

காலை மாட்டும் ரப்பர் உறை முன் பக்கம் இருந்தது. பின்னால் இன்னொரு காலுக்கு ஒரு பட்டை. தம்பையா பலகையை விரல் மேல் நிறுத்திச் சமநிலை பார்த்தார். "பின்னுக்கு மிதிக்க ஆள் இல்லியே. உறைய ரெண்டு அங்குலம் பின்னுக்கு வாங்கணும். பட்டையக் கழட்டிரலாம்."

"கழட்டுங்க" என்றார் ஸலீம். "வராத ஆளுக்கு எதுக்கு ஆசனம்."

லரீபா சிரித்துவிட்டார். கால் போன நாளிலிருந்து ஸலீம் அதைப் பற்றிப் பகடி பேசித் தம்பையா கேட்டதில்லை.

ஸலீம் படகையும் பலகையையும் அன்றே வாங்கிக் கொட்டகையில் விட்டு வைக்க, தம்பையா இஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டு போனார். ஸ்டோர் வேலை முடிந்த பிறகு மாலை வெளிச்சத்தில் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் படிய வைத்தார். சித்திரை கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் குளத்துக்குப் போனார்கள். கிளப்பு மூடப்பட்டிருந்தது; கொட்டகைக் காவல்காரர் நல்லையா மட்டும் இருந்தார். இஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டு, ஒரு சீராக முனகியது.

தம்பையா ஓட்டினார். ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும் என்பதால், பின்னால் பார்த்துச் சொல்லும் வேலை லரீபாவுக்கு. அவர் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, மிதவைச் சட்டையோடு பின்புறம் திரும்பி உட்கார்ந்தார். ஸலீம் ஊன்றுகோலை நல்லையாவிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் சரிந்தார். தண்ணீருக்குள் போனதும் அவர் வேறு ஆளாக இருந்தார்.

முதல் தடவை கயிறு கையை விட்டுப் பறந்தது. இரண்டாம் தடவை பலகை புரண்டது. மூன்றாவதும் நாலாவதும் அப்படியே. "உளுந்துட்டாரு" என்று லரீபா சொல்வார். தம்பையா வளைத்துத் திரும்புவார். ஆறாவது தடவைக்குப் பிறகு ஸலீம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"இண்டைக்குக் காணும்" என்றார் லரீபா.

"காணாது" என்றார் ஸலீம்.

தம்பையா யோசித்தார். இரண்டு கால் உள்ளவர் எழும்பும்போது சும்மா இருக்கும் காலைத் தண்ணீரில் இழுத்துச் சுக்கான் போல வைத்துக்கொள்வதைச் சின்னத்துரையிடம் பார்த்திருந்தார். இவருக்கு அது இல்லை. அப்படியென்றால் பலகை நேராகும் வரை படகு பொறுக்க வேண்டும். "நானா, நான் மொதல்ல நடக்கிற மாதிரி இழுக்கிறேன். பலக நேரா வந்து காலுக்குக் கீழ நிக்கிதுன்னு ஒங்களுக்குத் தோணுறப்ப தலைய ஆட்டுங்க. தங்கச்சி சொல்லுவாங்க. அப்பத்தான் முடுக்குவேன்."

கயிறு இறுகியது. படகு ஊர்ந்தது. தம்பையா கை விசையில் இருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"இப்ப" என்றார் லரீபா.

முடுக்கினார். படகு முனகல் மாறிப் பாய்ந்தது. ஒரு பாரம் பின்னால் இழுத்தது, இழுத்தது, பிறகு சட்டென்று இலேசானது. மறுபடி விழுந்துவிட்டார் என்று நினைத்துத் தம்பையா வேகத்தைக் குறைக்கப் போனார். ஆனால் லரீபா ஒன்றும் சொல்லவில்லை.

"தங்கச்சி, என்ன ஆச்சு?"

தம்பையா ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். லரீபா இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பால், எழுபத்தைந்து அடிக் கயிற்றின் முனையில், ஸலீம் நின்றுகொண்டிருந்தார். ஊன்றுகோல் இல்லை, சுவர் இல்லை, பிடிக்க ஒரு தோள் இல்லை. கீழே தண்ணீர் மட்டுமே. நாலு வருடமாகக் கூனிப் போயிருந்த முதுகு நிமிர்ந்திருந்தது. அவர் இவ்வளவு உயரமான ஆள் என்பது தம்பையாவுக்கு மறந்தே போயிருந்தது.

குளத்தின் மறு கரை வரை போய்த் திரும்பினார்கள். கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்களும் துணி துவைத்தவர்களும் வேலையை விட்டுவிட்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பார்த்தார்கள். படகு கடந்து போகும்போது ஒரு கிழவர் கை கூப்பியது தம்பையாவின் கடைக்கண்ணில் பட்டது.

அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிறு போனார்கள். பெற்றோல் கிடைப்பது அருமையான நாட்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஸலீம் முதலில் படகின் அலையைக் கடக்கப் பழகினார்; பிறகு ஒரு மிதவை, இரண்டு, மூன்று. வலது பக்கத் திருப்பம் எளிதாக வந்தது. இடது பக்கம் பலமுறை விழுந்தார். ஆறையும் அவர் ஒருபோதும் சுற்றவில்லை, நாலாவதோடு நின்றது. அவர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இத்தனை மாதமாகியும் ஸலீம் வளைந்து போவதைத் தம்பையா முழுதாகப் பார்த்ததில்லை. கண் எப்போதும் படகுக்கு முன்னால், கை சக்கரத்தில். இதை ஒரு நாள் கரையில் தேநீர் குடிக்கும்போது யதேச்சையாகச் சொன்னார். லரீபா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். "கார் ஓட்டுற கை இதையும் ஓட்டும். நீங்க இங்கேயே நில்லுங்க. நல்லையா பின்னால பாக்கட்டும்."

தம்பையா கரையில் நின்றார். லரீபா முதலில் நடக்கிற மாதிரி இழுத்தார். நல்லையா கை காட்டியதும் முடுக்கினார். படகு அம்பு மாதிரி மிதவைகளுக்கு நடுவே போனது. ஸலீம் குறுக்கே பாய்ந்து முதல் மிதவைக்கு வந்தார், சாய்ந்தார். அவர் தோளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருந்தால் அதிகம். தண்ணீர் அவருக்குப் பின்னால் விசிறியாக எழும்பி, அதில் வெயில் பட்டு நிறம் நிறமாகப் பிரிந்தது. இரண்டாவது. மூன்றாவது. இடது பக்கம் அவர் படுத்தே விட்டார் என்று தோன்றியது. இல்லை, எழும்பினார், நாலாவதையும் வளைத்தார். தம்பையாவுக்குக் கண் எரிந்தது. இமைக்காமல் பார்த்ததால் இருக்கலாம்.

கயிறு தளர்ந்து ஸலீம் கரைக்கு அருகில் தண்ணீரில் அமிழ்ந்தார். தலை மட்டும் வெளியே தெரிந்தது. மூச்சு வாங்க, "எப்பிடி ஈந்திச்சு, தம்பையா?" என்று கேட்டார்.

தம்பையா முழங்கால் நனையத் தண்ணீருக்குள் இறங்கினார்.

"இன்னும் ஒருக்கா போங்க, நானா" என்றார்.

லரீபா படகைத் திருப்பினார்.