குடிக்காமல் வைத்த காப்பி

இப்போதெல்லாம் விருந்தாளி கூடாரத்துக்குள் நுழைந்ததும் நலம் விசாரிப்பதில்லை. போனுக்குச் சார்ஜ் ஏற்ற இடம் இருக்கிறதா என்று சுற்றிலும் பார்க்கிறான். நிஸாரும் அப்படித்தான் வந்தான். நகரத்துக் கல்லூரியில் வாத்தியார்; உறவில்லை, மரியாதைக்குச் சித்தப்பா என்பான். அரபி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று புத்தகம் எழுதுகிறானாம். பிழைக்க வேறு வழியா இல்லை?

"பாலைவனத்து ஆளுன்னு அர்த்தம்னு சிலர் சொல்றாங்க, சித்தப்பா. தெளிவாப் பேசறவன்னு சிலர். யஃரூப்னு ஒரு மூதாதை பேருல இருந்து வந்துச்சுன்னு இன்னும் சிலர்."

"ஆளுக்கொரு பொய்யி" என்றேன். "கூடாரமும் ஒட்டகமும் வச்சிருக்கறவன் அரபி. சிமெண்டு வீட்ல குழாயத் தொறந்து குடிக்கறவன் ஊர்க்காரன். இதுக்கு எதுக்குப் புத்தகம்?"

"அப்ப நான்?"

"ஊர்க்காரன்."

அடுப்பருகே என் மச்சான் ஹஸ்ஸா சிரித்தான். "நம்ம வாசல்லயும் தண்ணி லாரிதான் நிக்குது, அத்தான்."

"வாய மூடிட்டுக் காப்பிய ஊத்துடா."

ஹஸ்ஸா சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தான். நிஸார் வாங்கினான். குடிக்காமல் கம்பளத்தில் வைத்தான்.

எங்கள் வழக்கத்தில் அப்படி வைத்தால் விருந்தாளி எதையோ கேட்க வந்திருக்கிறான் என்று பொருள். என்னவென்று கேட்காமலே 'தந்தேன்' என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் காப்பி ஆறினால் என் பேர் பாலைவனம் முழுக்க நாறும். என் வெள்ளை ஒட்டகம் போயிற்று என்று நினைத்தேன். வரும்போதே அதைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏன் முழிக்கிறீங்க அத்தான்? ஆறுது பாருங்க."

"குடி தம்பி. நீ கேட்டதத் தந்தேன்" என்றேன்.

"நானும் அரபின்னு சொல்லுங்க சித்தப்பா. எல்லார் முன்னாடியும். அது போதும்."

ஒட்டகத்தையே கேட்டிருக்கலாம். எந்த ஊர்க்காரனுக்கும் அந்தப் பேரை நான் கொடுத்ததில்லை. இப்போது கொடுத்தால் இத்தனை நாள் பேசியது பொய். கொடுக்காவிட்டால் நானே அரபி இல்லை.

"நீயும் அரபிதான்" என்றேன்.

"கேக்கல அத்தான்!" என்றான் ஹஸ்ஸா.

"அரபிதான்டா! காதுல என்ன, ஒட்டகமா படுத்திருக்கு?"

நிஸார் குடித்துவிட்டு, போதும் என்பதற்கு அடையாளமாகக் கிண்ணத்தை ஆட்டி நீட்டினான். அதையும் சரியாகச் செய்தான், திருட்டுப்பயல்.

"யாருடா உனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

"எங்க தாத்தாவும் ஒட்டகம் மேச்சவர்தான், சித்தப்பா."

"எல்லா ஊர்க்காரனும் இதத்தான் சொல்றான்."

எழுந்து ஒட்டகத்தைப் பார்க்க நடந்தேன். கிண்ணம் ஆட்டத் தெரிந்தால் அரபியாம். பழக்கினால் குரங்குகூட ஆட்டும்.