கோபமும் மேலங்கியும்

எங்கள் மொழியில் ‘நௌ’ என்றால் கோபம். ‘லௌ’ என்றால் மேலங்கி. மூக்கில் பிறக்க வேண்டிய ஒலியை நாவின் சோம்பலால் ‘ல’ ஆக்கிவிடும் கேடு ஹாங்காங் முழுவதும் பரவிவிட்டது. செய்தி வாசிப்பவரே கோபத்தை மேலங்கியாக்குகிறார். இதைக் கண்டித்துத் தொலைக்காட்சி நிலையத்துக்கு எழுதியவர்களுள் நானும் ஒருவன். அக்கடிதங்கள் யார் தலையில் போய் விழுந்தன என்பதை, அங்கே ஒப்பனை செய்யும் கூன் அம்மாள் சொன்ன பின்னரே அறிந்தேன்.

நடிகை கம் சௌயிங்குக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் ‘பச்சை இலை’யாகவே இருந்தார், சிவப்புப் பூவாகிய கதாநாயகிக்குப் பின்னால் நிற்பவரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். செவிலி, வேலைக்காரி, பிணத்தைக் கண்டு அலறும் பக்கத்து வீட்டுக்காரி. முதன்முறையாக ஒரு தொடரின் முப்பது பகுதிகளுக்கும் நீளும் வேடம் வாய்த்தது: வாத்துக்கறிக் கடை நடத்தும் தாய். ஓடிப்போன கணவன் திரும்பி வந்து நிற்கும் இறுதிக் காட்சியில், “முப்பது வருஷமா எனக்கு ஒரே கோபம்” என்று அவர் சொல்ல வேண்டும்.

ஒத்திகையில் ‘லௌ’ என்றார். வேறொரு நாளாயிருந்தால் எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். கடிதக் கட்டு அன்று காலைதான் இயக்குநர் லுக்கின் கைக்கு வந்திருந்தது.

“யிங் அக்கா, முப்பது வருஷமா ஒரே மேலங்கியா? வேர்க்கலையா உங்களுக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். ‘ந’ என்ற ஒலியையே அறியாத கதாநாயகிதான் உரக்கச் சிரித்தாள். அவளுக்கு எந்தக் கடிதமும் வாசித்துக் காட்டப்படவில்லை.

“பின்னணிக் குரல் வச்சுக்கலாம்,” என்றார் லுக். “ஒரு காட்சிக்கு மட்டும் மாத்தினா காட்டிக் குடுத்துடும். முப்பது பகுதிக்கும் வச்சிடலாம்.”

சௌயிங் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே தள்ளி வைத்தார்.

“மூஞ்சி என்னுது, குரல் இன்னொருத்தியுதா? ஒரு வாரம் குடு லுக்.”

“குடுத்தாச்சு. ஆனா வெள்ளிக்கிழமை பின்னணிக் குரல் குடுக்கற பொண்ணையும் வரச் சொல்லியிருக்கேன்.”

அன்று முதல் அவர் துணிக் கவ்வியை மூக்கில் மாட்டிக்கொண்டு பயின்றார். மூக்கை அடைத்தால் ‘நௌ’ உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ‘லௌ’ தடையின்றி வெளிவரும். வந்தால் தவறு. இச்சோதனையை அவராகவே கண்டுபிடித்தார்.

“கொடியில காயப் போட்ட ஆளு மாதிரி இருக்கடி,” என்றார் கூன் அம்மாள்.

திருத்தம் எல்லை மீறவும் செய்தது. எங்கள் மொழியில் கூடை ‘லாம்’, ஆண் ‘நாம்’. சந்தையில் அவர், “பெருசா ஒரு நாம் குடுப்பா” என்று கேட்டுவிட்டார்.

“நான் இருக்கேனே அக்கா, பெருசாத்தான் இருக்கேன்,” என்றான் காய்க்கடைக்காரன். “பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்!”

வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவு அறைக்குப் பெயர்பெற்ற பின்னணிக் குரல்காரி யாவ் மெய்சீ வந்தாள். மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தழுதழுத்த குரலில் வசனத்தைச் சொன்னாள். ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார்.

“பிரமாதம்!” என்றார் லுக்.

“அது மேலங்கி,” என்றார் சௌயிங்.

“எது?”

“இப்ப இவ சொன்னது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லச் சொல்லு.”

மெய்சீ மூக்கைப் பிடித்தாள். சொல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஒலிப்பதிவாளர் தம் மூக்கைப் பிடித்தார், அவருக்கும் வந்தது. லுக்கும் பிடித்துப் பார்த்தார். ஆக மொத்தம் மூன்று மேலங்கிகள். பின்னர் சௌயிங் தம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். ஒலி அடைபட்டு நின்றது. விரலை எடுத்தார். “முப்பது வருஷமா எனக்கு ஒரே நௌ.”

லுக் தம் மூக்கை விட மறந்து நின்றார். “அப்போ இத்தனை நாளா நான் என்னத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்?” என்றவர், பென்சிலை எடுத்துப் பட்டியலில் மெய்சீயின் பெயரை அடித்தார். “அக்கா, உங்க குரலே இருக்கட்டும்.”

மெய்சீ மேலங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“எனக்கு ஒண்ணும் லௌ இல்லக்கா.”

“கையில வச்சிருக்கியே,” என்றார் சௌயிங். “போட்டுக்கோ, வெளியில குளிருது.”