லோவெட் கவுண்டியில் ஒருத்தி

“இந்த வீட்ல மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க?” என்று டாரதி கேட்டபோது சாந்தாமணிக்குப் பதில் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

கேள்வி இங்கிலீஷில் வந்தது காரணமில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்று நாலு வருடமாக டெக்சாஸ்காரர்களுக்குப் பெட்ரோலும் ரொட்டியும் தூண்டில் புழுவும் விற்றவளுக்கு இங்கிலீஷ் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வீடு தேடி ஆள் வந்து பேர் கேட்டால் ஆம்பிளைதான் பதில் சொல்லவேண்டும் என்பது கோபிசெட்டிபாளையத்துப் பழக்கம். ரேஷன் கார்டுக்கு வந்தவரிடம் அப்பா சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு பசுபதி சொன்னார். வெளியூரில் படிக்கிற பையன், துபாய்க்குப் போன சித்தப்பா எல்லோர் பேரும் அந்த அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். யார் எங்கே படுத்துத் தூங்குகிறார்கள் என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

“ஞாயித்துக்கிழமை வா டாரதி. என் வீட்டுக்காரர் வருவார். அவர் சொல்வார்,” என்றாள்.

டாரதி பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள். அது 2020 ஆகஸ்டு. பத்து வருடத்துக்கு ஒரு தடவை அமெரிக்கா முழுக்க நடக்கும் தலைக்கணக்கு அந்த வருடம் கொரோனாவில் மாட்டிக்கொண்டு இழுத்தடித்தது. கணக்குக் கொடுக்காத வீடுகளைத் தேடி, கழுத்தில் அரசாங்க அட்டையும் முகத்தில் பூப்போட்ட முகக்கவசமுமாக டாரதி புழுதிச் சாலைகளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“வர்றேன் ஷேண்டி. ஆனா ஏமாத்திடாதே. போன கணக்குல தலை குறைஞ்சுதுன்னுதான் நம்ம ஆம்புலன்ஸைப் பக்கத்து கவுண்டிக்குக் கொண்டுபோயிட்டாங்க. இங்க ஒரு மாடு காணாமப் போனா ஷெரிஃப் தேடுவார். மனுஷங்க காணாமப் போனா வாஷிங்டன்ல ஒருத்தரும் தேட மாட்டாங்க.”

கவுண்டி என்றால் நம் ஊர்த் தாலுகா மாதிரி. சாந்தாமணி இருக்கும் லோவெட் கவுண்டி, பசுபதி இருக்கும் ரவுண்ட் ராக் நகரத்திலிருந்து காரில் மூன்று மணி நேரம். கிழக்கே சிவப்பு மண், மேற்கே சுண்ணாம்புக்கல் மேடு, நடுவில் பாதி வருடம் வெறும் மணலாகக் கிடக்கும் மியூல் க்ரீக் ஓடை. ரயில் என்ஜின் தண்ணீர் பிடிக்க நின்ற இடத்தில் ஸ்டில்வெல் என்ற ஊர் முளைத்தது. ஜெர்மன்காரர்கள் வந்தார்கள், பருத்தி போட்டார்கள், சிவப்புக் கல்லில் மணிக்கூண்டு வைத்து நீதிமன்றம் கட்டினார்கள். அப்புறம் பருத்தியைப் புழு தின்றது. எண்ணெய் கிடைக்கும் என்று துளை போட்ட இடத்திலெல்லாம் உப்புத்தண்ணீர்தான் வந்தது. ரயில் நிற்காமல் போகத் தொடங்கியது. பன்னிரண்டாயிரம் பேர் இருந்த காலத்து மிடுக்கோடு மணிக்கூண்டு இன்னும் நிற்கிறது. கீழே இருப்பவர்கள் மூவாயிரம் பேர் தேறினால் அதிகம். பள்ளிக்கூடம் முடிக்கிற பிள்ளைகள் மேலே எறிந்த தொப்பி கீழே விழுவதற்குள் ஹூஸ்டனுக்கும் டல்லாஸுக்கும் கிளம்பிவிடுவார்கள் என்பது டாரதியின் கணக்கு.

இதெல்லாம் காலைக் காப்பிக்கு வருகிறவர்கள் சொல்லித்தான் சாந்தாமணிக்குத் தெரியும். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். நீதிமன்றக் கடிகாரம் எந்த வருடம் நின்றது என்று ஒரு தடவை இரண்டு கிழவர்கள் அடித்துக்கொள்ளாத குறை.

கடையை வாங்கியது பசுபதி. ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, கையில் சேமிப்பு, கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க் வாங்கிப் போட்டிருந்தார்கள். மகள் ஓவியா கல்யாணமாகி நியூ ஜெர்சி போயிருந்த சமயம். “ஆறே மாசம் பாத்துக்க அம்மிணி. அப்புறம் மேனேஜர் போட்டுரலாம்,” என்றார். மேனேஜர்கள் வந்தார்கள். ஒருத்தன் கோடையைத் தாங்கவில்லை, இன்னொருத்தன் தனிமையைத் தாங்கவில்லை. சாந்தாமணி இரண்டையும் தாங்கினாள். கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையில் சுவாமி படம் மாட்டி, குக்கர் வைத்து, ஜன்னலுக்கு வெளியே கறிவேப்பிலைச் செடியைத் தொட்டியில் வைத்தாள். பசுபதி ஞாயிறுதோறும் வந்து போனார்.

மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அதுவும் நின்றது. “நீ பத்து ஊரு ஆளுகளத் தொட்டுப் பேசற. நான் வந்து போறது ரிஸ்க்கு,” என்றார் போனில். கோபம் வரவில்லை. அவருக்குச் சர்க்கரை இருந்தது.

அந்த வசந்தத்தில்தான் லோவெட் கவுண்டியின் மக்கள்தொகை அவளுக்கு முகம் முகமாகத் தெரிந்தது. பெரிய கடைக்குப் போக எண்பது மைல். அங்கேயும் அலமாரி காலி. அவள் டாய்லெட் பேப்பர் மூட்டையைப் பிரித்து ஆளுக்கு ஒரு சுருளாக விற்றாள். மாவை எடைபோட்டுப் பொட்டலம் கட்டினாள். யார் வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது, எந்தப் பண்ணையில் ஒற்றைக் கிழவி, எவன் வேலை போனதைப் பெண்டாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை, எல்லாம் தெரிந்தது. வாங்க வந்தவர்களின் டிரக் பின்தட்டில் பையை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டுவாள். உள்ளே இருப்பவர்கள் தொப்பியைத் தொடுவார்கள். மிஸ் ஷேண்டி என்பது அப்போது ஒட்டிய பெயர்.

சனிக்கிழமை மத்தியானம் ஓவியா போன் செய்தாள்.

“அம்மா, கடைக்கு பையர் கிடைச்சதைப் பத்தி அப்பா பேசினாரா?”

“எந்தக் கடைக்கு?”

“ஓ மை காட். இன்னும் சொல்லலையா? நம்ம கடைக்குத்தாம்மா. நாளைக்கு வந்து சொல்லுவார். நான் சொன்னேன்னு சொல்லிடாத, ப்ளீஸ்.”

சாந்தாமணி ஈரத்துணியால் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

“அம்மா? லைன்ல இருக்கியா? அவரும் பாவம்மா. ஹி இஸ் லோன்லி. வாரத்துல நாலு நாள் எனக்கு கால் பண்றார். சாம்பாருக்கு எவ்ளோ புளி போடணும்னு கேக்கறார். எனக்கே தெரியாது, நான் யூட்யூப் பாத்துச் சொல்றேன்.”

“அதை என்னையக் கேக்கலாமில்ல?”

“ஈகோம்மா. நீ என்ன பண்ணப் போற?”

“நாளைக்கு எப்பவும் போலக் கடையத் தொறக்கப் போறேன்.”

ஞாயிறு காலை பசுபதியின் கார் வந்து நின்றது. ஜூன் முதல் மறுபடி வர ஆரம்பித்திருந்தார். ஆள் உள்ளே வரவில்லை. டிக்கியைத் திறந்து ஒரு பலகையையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு சாலையோரம் போனார். ‘விற்பனைக்கு’ என்று சிவப்பில் எழுதிய பலகை. சுண்ணாம்புத் தரையில் கம்பு இறங்க மறுத்தது. வியர்க்க வியர்க்க அடித்தார்.

“ஏனுங்க, வந்ததும் வராததுமா என்னத்தை நட்டுட்டிருக்கீங்க?”

“நல்ல பையர் ஒருத்தன் வந்துட்டான் அம்மிணி. போர்டு இருந்தா இன்னும் ரெண்டு பேரு வருவானுங்க. ரேட்டு ஏத்தலாம்.”

“என்னையும் சேத்து விலை பேசியிருக்கீங்களா? கடையோட நான்தானுங்க ஒட்டிட்டு இருக்கறேன்.”

அவர் சிரித்தார். “உன்னயக் கூட்டிட்டுப் போறதுக்குத்தான விக்கறேன். இந்தக் காட்டுக்குள்ள எத்தனை நாளைக்குக் கெடப்ப?”

“பத்திரத்துல என்ற பேரும் இருக்குதுங்க. என்ற கையெழுத்து இல்லாம எப்படி விப்பீங்க?”

சிரிப்பு நின்றது. அதற்குள் டாரதியின் டிரக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டது.

மூன்று பேரும் பெக்கான் மரத்தடியில் தள்ளித் தள்ளி நின்றார்கள். டாரதி கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “ஏப்ரல் ஒண்ணாந்தேதிதான் கணக்கு நாள். அன்னைக்கு இந்த வீட்ல யார் யார் இருந்தாங்க?”

பசுபதி ஆபீஸ் இங்கிலீஷுக்கு மாறினார். “யாருமில்லை மேடம். இது கடை. எங்க வீடு ரவுண்ட் ராக்ல இருக்கு. மார்ச்லயே ஆன்லைன்ல ஃபில் பண்ணிட்டேன். என் பேரு, மனைவி பேரு, ரெண்டு பேரையும் அங்கதான் போட்டிருக்கேன்.”

சாந்தாமணிக்கு அது புதுச்செய்தி. மாவு எடைபோட்டுக் கொடுத்ததும் டிரக் கண்ணாடியைத் தட்டியதும் எல்லாம் இங்கே நடக்க, அரசாங்கக் கணக்கில் அவள் ரவுண்ட் ராக் வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவர் பொய் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. குடும்பத் தலைவர் தன் கூரைக்குக் கீழே எல்லோர் பேரையும் எழுதியிருக்கிறார். அவளுடைய அப்பாவும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

“சார், வீடு யாருதுன்னு நான் கேக்கலை,” என்றாள் டாரதி. “பெரும்பாலும் யார் எங்க தூங்குறாங்க, அதுதான் கேள்வி.” அவள் பார்வை திரும்பியது. “ஷேண்டி?”

ஏப்ரல் ஆரம்பத்தில் ஒரு ராத்திரி ஆலங்கட்டி மழை பெய்து கரண்டு போயிருந்தது. தகரக் கூரையில் கல் விழுந்த சத்தத்தில் தனியாகப் படுத்திருந்தாள். விடியும் முன்பே ஜெனரேட்டரோடு ஒரு பண்ணைக்காரர் வந்து கதவைத் தட்டினார், பால் கெட்டுவிடுமே என்று. அதுதான் ஞாபகம் வந்தது.

“ஒருத்தி,” என்றாள். “நான்.”

பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். வயதைச் சொன்னாள்.

“வேற யாராவது?”

“இல்லை.”

டாரதி பசுபதியைக் காட்டிப் புருவத்தைத் தூக்கினாள்.

“இவர் சண்டே கெஸ்ட்,” என்றாள் சாந்தாமணி.

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் டாரதி இதற்குச் சிரிக்கவில்லை. குனிந்து போனில் எதையோ அழுத்தினாள்.

“பேரு ரெண்டு இடத்துல வந்துருச்சே மேடம், ப்ராப்ளம் ஒண்ணும் ஆகாதே?” என்றார் பசுபதி. குரலில் பழைய விசா பயம் இருந்தது.

“அதை நாங்க பாத்துக்குவோம் சார். இருக்கற இடத்துல நிக்கும், மத்தது போயிடும்.” டாரதி சாந்தாமணியைப் பார்த்தாள். “தேங்க்ஸ் ஹனி. ஆம்புலன்ஸுக்கு ஒரு சக்கரம் கிடைச்சுது.”

டிரக் போன பிறகு பசுபதி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நான் விருந்தாளியா அம்மிணி?”

“ஏப்ரல் மாசத்துக்கு ஆமாங்க. குத்தமாச் சொல்லலை. உள்ளதைச் சொன்னேன்.”

“அங்க அத்தனை பெரிய வீட்டைக் கட்டிப் போட்டிருக்கறது யாருக்கு?”

“அது எனக்குந் தெரியலீங்க. உங்களுக்கும் தெரியலை. இப்பத்தான் ஆபீசை வீட்ல இருந்தே பாக்கச் சொல்லிட்டாங்களே, இங்க இருந்து பாத்தா என்னங்க?”

“இங்க நெட்டு எங்க இருக்குது? ஒரு ஈமெயில் போறதுக்குள்ள மாடு கன்னு போட்ரும்.”

“கரண்டு கோஆப்பரேட்டிவ்காரங்க க்ரீக் வரைக்கும் நெட்டுக் கேபிள் இழுத்துட்டாங்க. தீபாவளிக்குள்ள நம்ம கம்பத்துக்கு வந்துரும். மொத ஆளா நான் பேரு குடுத்திருக்கறேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எனக்காகவா?”

“கிரெடிட் கார்டு மெஷினுக்குங்க.” கொஞ்சம் இடைவெளி விட்டு, “உங்களுக்குந்தான்,” என்றாள். “கையெழுத்து நான் போட மாட்டேனுங்க. வேற என்ன வேணும்னாலும் பேசலாம். சாம்பாருக்குப் புளி, நெல்லிக்காய் அளவு போதும். அதுக்கு நியூ ஜெர்சிக்கு போன் போட வேண்டியதில்லை.”

அவருக்கு முகம் சிவந்தது. அந்த நேரம் பார்த்து பம்ப்பில் ஒரு டிரக் வந்து நின்று ஹாரன் அடித்தது. சாந்தாமணி உள்ளே போய்விட்டாள்.

டிரக்கில் வந்தவர்கள் ஐஸ் மூட்டை கேட்டார்கள், கொடுத்தாள். மியூல் க்ரீக்கில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்கள், பாலத்துக்குக் கீழே மட்டும் இருக்கிறது, மீனும் அங்கேதான் என்று சொன்னாள். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தபோது பசுபதி சாலையோரம் நின்றிருந்தார். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். காலையில் இறங்க மறுத்த கம்பு இப்போது வர மறுத்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் வெள்ளைப் பொடியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

உதவிக்குப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போகவில்லை.

அவர் பலகையை டிக்கியில் வைத்து மூடினார். வரும்போது வாங்கி வந்திருந்த முருங்கைக்காய்ப் பையைக் கதவருகே ஐஸ்பெட்டி மேல் வைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் நிற்பது அவருக்குத் தெரியும். காரில் ஏறி, இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டியும் இல்லாத சாலையில், யாருக்காகவோ இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிப் போனார்.